வீம்பு வீடும் வேடியப்பன் கல்லும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், வடக்கு மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேயில் சில ஆண்டுகளுக்குள் முளைத்த நூற்றுக்கும் மேற்பட்ட சிலைகளையும் தூண் வைத்த மாளிகைகளையும் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அந்த நான்கு வரி போதாது என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. நாற்கரச் சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் அளந்து கல் நடப்பட்ட ஊர்களிலிருந்து இந்தக் கேள்விகள் வருவதில் எனக்கு வியப்பில்லை. ஆகையால் இந்த மாதப் பகுதி முழுவதையும் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நகரங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: புதிய கட்டடத்தைப் பழையது போலக் கட்ட வேண்டும் என்று ஓர் அரசாங்கம் ஏன் நினைக்கிறது? அந்த ஊரில் உண்மையிலேயே பழையது எதுவும் இல்லையா?
— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பென்னாகரம்

பழையது நிறையவே இருந்தது. பெரும்பகுதி ஒரே காலையில் போயிற்று. 1963 ஜூலை 26 அன்று காலை 5.17 மணிக்கு வந்த நிலநடுக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் இரண்டு லட்சம் பேர் வீடிழந்தார்கள். பாதி இடிந்து நின்ற பழைய ரயில் நிலையத்தை அகற்றாமல், அதையே நகர அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். அதன் முகப்புக் கடிகாரத்தின் முட்கள் இன்றும் 5.17-இல் நிற்கின்றன. அப்போது அந்த ஊர், பின்னாளில் பல நாடுகளாகப் பிரிந்துபோன யூகோஸ்லாவியாவில் இருந்தது. பனிப்போரில் எதிரெதிராக நின்ற நாடுகள் இரண்டு பக்கத்திலிருந்தும் உதவி அனுப்பின. ஐக்கிய நாடுகள் அவையின் துணையோடு 1965-இல் நடந்த போட்டியின் வழியாக, ஹிரோஷிமா அமைதிப் பூங்காவை வடிவமைத்த ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கேயிடம் நகர மையத்தின் திட்டம் போயிற்று. பூச்சு இல்லாத கான்கிரீட்டில் எழுந்த அந்த நகரத்தை அழகு என்று சொல்லாதவர்கள் உண்டு. ஆனால் ஒரு பேரழிவிலிருந்து உலகமே கைகொடுத்து எழுப்பிய ஊர் என்ற வரலாறு அந்தக் கான்கிரீட்டில் இருக்கிறது.

2010-இல் அறிவிக்கப்பட்ட ‘ஸ்கோப்யே 2014’ என்ற திட்டம் அந்த வரலாற்றின் மேல்தான் பூசப்பட்டது. ‘மாசிடோனியா’ என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று கிரேக்கத்தோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சண்டையால் 2008-இல் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேரும் வாய்ப்பும் அந்நாட்டுக்குக் கைநழுவியது. 2011-இல் நடுச்சதுக்கத்தில் பீடத்தோடு சேர்த்து இருபது மீட்டருக்கு மேல் உயரமான குதிரைவீரன் சிலை நிறுத்தப்பட்டது. அதிகாரபூர்வப் பெயர் ‘குதிரைமேல் வீரன்’. பார்ப்பவர் எவருக்கும் அது பண்டைய மாசிடோனிய மன்னன் அலெக்சாண்டர். ஆற்றங்கரையில் அருங்காட்சியகமும் அமைச்சகமும் நீதிமன்றமும் கிரேக்கக் கோயில் போலவும், அலங்காரம் மிகுந்த பழைய ஐரோப்பியப் பாணியான பரோக் அரண்மனை போலவும் எழுந்தன. டாங்கே காலத்துக் கான்கிரீட் அலுவலகங்களுக்குக் கூடச் சுண்ணச் சாந்தும் நுரைப்பலகையும் கொண்டு தூணும் மாடமும் ஒட்டினார்கள். நம் ஊர்க் கல்யாண மண்டப வாசலில் ஒரு நாளைக்கு வைக்கும் தெர்மாகோல் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். அதை அரசுச் செலவில் நிரந்தரமாக வைத்தால் எப்படியோ அப்படி. தொடக்கத்தில் சொன்ன செலவு 8 கோடி யூரோ. பிற்பாடு பத்திரிகையாளர்கள் ஒவ்வொரு சிலையாகக் கணக்கெடுத்தபோது அது 60 கோடியைத் தாண்டியிருந்தது.

மக்கள் சும்மா இருந்தார்களா என்று அடுத்த கடிதம் வரும்முன் சொல்லிவிடுகிறேன். 1970-களில் கட்டப்பட்ட நகர வணிக வளாகத்துக்கும் பரோக் முகப்பு மாட்ட முயன்றபோது 2015-இல் உள்ளூர் வாக்கெடுப்பு நடந்தது. வந்து வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். ஆனால் வாக்காளர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும் என்ற விதி நிறைவேறாததால் வாக்கெடுப்பு செல்லாமல் போயிற்று. 2016-இல் அரசுக்கு எதிராக எழுந்த போராட்டத்தில் இளைஞர்கள் வெள்ளை மாளிகைகள் மீதும் வெற்றி வளைவின் மீதும் வண்ணக் குழம்பை எறிந்தார்கள். அதனாலேயே அதற்கு ‘வண்ணப் புரட்சி’ என்று பெயர் நின்றுவிட்டது.

ஐயா கேட்டதன் மையம் ‘ஏன்’ என்பது. அந்த ஊரில் உண்மையான பழைமை ஆற்றுக்கு அக்கரையில் கண்முன்னே இருக்கிறது: கல்பாலத்தைத் தாண்டினால் பழைய கடைத்தெரு, 15-ஆம் நூற்றாண்டு வெந்நீர்க் குளியல் மண்டபம், வணிகர் சத்திரம், பள்ளிவாசல்கள். ஆனால் அந்தப் பழைமை துருக்கிய உதுமானியப் பேரரசினுடையது. கான்கிரீட் பழைமை யூகோஸ்லாவியாவினுடையது. அரசுக்கு வேண்டியிருந்த மூதாதையர் இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை. ஆகவே வார்ப்படச் சாலையில் செய்து வாங்கினார்கள். 2018-இல் கிரேக்கத்தோடு பிரெஸ்பா உடன்பாடு கையெழுத்தாகி நாட்டின் பெயரே ‘வடக்கு மாசிடோனியா’ என்று மாறியபின் அந்தச் சிலைகளின் வேலை முடிந்துவிட்டது. சிலைகள் மட்டும் நின்றுகொண்டிருக்கின்றன.

கேள்வி: அன்னை தெரசா பிறந்த ஊர் ஸ்கோப்யே என்று படித்தேன். அவர் பிறந்த வீடு இருக்கிறதா?
— கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

இல்லை. அவர் 1910 ஆகஸ்ட் 26 அன்று பிறந்த வீடு இருந்த இடத்தை நகர மையத்தில் ஒரு பட்டயம்தான் காட்டுகிறது. அவருக்கு ஞானஸ்நானம் நடந்த தேவாலயம் 1963 நிலநடுக்கத்தில் அழிந்தது. அந்த இடத்தில் 2009-இல் நினைவு இல்லம் ஒன்றைத் திறந்தார்கள். அவர் காலத்து ஸ்கோப்யேயைப் பார்க்க விரும்பினால் பழைய கடைத்தெருவுக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளாகக் கிரானைட் தொழிலில் இருக்கிறேன். போரில் உடைந்த ஒரு பாலத்தைப் புதுக்கல்லில் கட்டி, அதையே ‘பழைய பாலம்’ என்று சொல்லி உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆக்கியிருக்கிறார்களாமே? புதுக்கல் எப்படிப் பழைய பாலமாகும்?
— கல் பட்டறை உரிமையாளர், பர்கூர்

கல்லை அறிந்தவர் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாங்கள் சொல்வது போஸ்னியாவில், நெரெட்வா ஆற்றின் மேல் உள்ள மோஸ்தார் பாலம். உதுமானியக் கட்டடக் கலைஞர் ஹைருத்தீன் 1566-இல் கட்டி முடித்தது. ஆற்றில் ஒரு தூண்கூட இறக்காமல், கரையிலிருந்து கரைக்குச் சுமார் 29 மீட்டர் தூரத்தை ஒரே வில்வளைவில் தாவியது. கல் ‘தெனெலியா’ என்று அப்பகுதியில் வழங்கும் வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல். நம் கருங்கல்லைப் போல வைரம் பாய்ந்ததல்ல. வெட்டி எடுக்கும்போது இளகி இருந்து, காற்றுப் பட்டபின் இறுகுவது. அடுத்தடுத்த கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்து, கவ்வி இறங்கிய குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றி இறுக்கியிருந்தார்கள். நம் பழைய கோயில்களில் வேலை பார்த்த ஸ்தபதிகளிடம் கேட்டால், ஈயம் வார்க்கும் இந்த உத்தி அவர்களுக்கும் அயலானதல்ல என்பார்கள். இரும்பு துருப்பிடித்து உப்பிக் கல்லைப் பிளக்காமல் ஈயம் காக்கும்.

1993 நவம்பர் 9 அன்று, போஸ்னியப் போரில், போஸ்னியக் குரோவாத்தியர் படையின் பீரங்கி அடியில் அந்த வளைவு ஆற்றில் விழுந்தது. 427 ஆண்டு நின்ற பாலம். போர் முடிந்தபின் ஹங்கேரி ராணுவத்தின் முக்குளிப்பாளர்கள் ஆற்றடியிலிருந்து பழைய கற்களைத் தூக்கிக் கரையில் அடுக்கினார்கள். அவை பெரும்பாலும் உடைந்தும் அரித்தும் இருந்தன. பழைய பாரத்தை மறுபடி தாங்கும் என்று நம்பி ஏற்ற முடியாத நிலை. ஆகவே யுனெஸ்கோவும் உலக வங்கியும் முன்னின்ற பணியில், அதே வகைத் தெனெலியாக் கல்லைப் புதிதாக வெட்டி, கைஉளியால் முகம் கொத்தி, இரும்புக் கவ்வியும் ஈயமும் பழைய முறையிலேயே வைத்துக் கட்டினார்கள். 2004 ஜூலை 23 அன்று பாலம் திறக்கப்பட்டது. வேலையின் நுணுக்கம் எங்கே இருக்கிறது என்றால், பழைய வளைவு நானூறு ஆண்டில் சற்றே தொய்ந்து கோணலாகி இருந்ததையும் அளவுப் படங்களிலிருந்து எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். தாங்கள் மேசைப் பலகை அறுக்கும்போது மட்டம் பார்க்கிற கண்ணுக்கு அது எவ்வளவு சங்கடமான வேலை என்று தெரியும்.

இனி, அது பழைய பாலமா? யுனெஸ்கோ 2005-இல் பாலத்தையும் அதைச் சூழ்ந்த பழைய நகர்ப்பகுதியையும் பட்டியலில் சேர்த்தபோது, கல்லின் வயதையோ கட்டட நுட்பத்தையோ காரணமாகக் காட்டவில்லை. பிரிந்த சமூகங்கள் மறுபடி கூடியதன் அடையாளம் என்ற ஒரே அளவுகோலில்தான் சேர்த்தது. அந்த அளவுக்கு அது நேர்மையான முடிவு என்றே எனக்குப் படுகிறது. ஸ்கோப்யேயும் புதிதாகக் கட்டிப் பழையது என்றது. மோஸ்தாரும் புதிதாகக் கட்டிப் பழையது என்கிறது. ஆனால் மோஸ்தாரில் எது எப்போது உடைந்தது, எந்தக் கல் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டுப் பாலத்தருகிலேயே அருங்காட்சியகத்தில் காட்டப்படுகிறது. ஒளிக்கவில்லை.

இங்கே ஒன்றை இடைச்செருகலாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் திருப்பணி என்ற பெயரில் கோயில் தூண்களை மணல் வீசிச் சுத்தம் செய்த காலம் ஒன்று உண்டு. பிறகு அது தடைசெய்யப்பட்டது. அப்படிச் சுத்தமான ஒரு தூணை நான் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். கல் பழையதுதான், ஆனால் கல்வெட்டு இருந்த இடத்தில் விரலுக்கு எழுத்து தட்டவில்லை, ஒரு சொரசொரப்பு மட்டும்தான். பழைய கல்லை வைத்துக்கொண்டே பழைமையைத் தொலைக்கவும் முடியும்.

கேள்வி: நாற்கரச் சாலைக்காக எங்கள் தாத்தா கட்டிய வீட்டின் முன்பாதியை எடுத்துக்கொண்டார்கள். இழப்பீடு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டோம். அந்த நாடுகளிலாவது யாராவது அரசாங்கத்தை எதிர்த்து வீட்டைக் காப்பாற்றியது உண்டா?
— மளிகைக் கடைக்காரர், காரிமங்கலம்

உண்டு. போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையில் அந்த வீடு இன்றும் இருக்கிறது. அதன் பெயரே ‘இனாத் குச்சா’. குச்சா என்றால் வீடு. இனாத் என்பது துருக்கியிலிருந்து வந்த சொல், அதற்கு நம் மொழியில் ‘வீம்பு’ என்பதை விடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. 1890-களில் ஆஸ்திரிய–ஹங்கேரிய ஆட்சி, ஆற்றங்கரையில் பெரிய நகர மண்டபம் கட்ட இடம் எடுத்தது. அங்கே வீடு வைத்திருந்த பெந்தேரியா என்ற முதியவர் அசையவில்லை. பேச்சு நீண்டு, கடைசியில் அவர் இரண்டு நிபந்தனை வைத்தார்: ஒரு பை நிறையத் தங்கக்காசு, கூடவே வீட்டை ஒவ்வொரு செங்கல்லாகப் பிரித்து அக்கரையில் அப்படியே திருப்பிக் கட்டித் தர வேண்டும். பேரரசு இணங்கியது. பிரித்து எடுத்துச் செல்லும்போது அவர் தினமும் பாலத்தில் உட்கார்ந்து, செங்கல் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததாக ஊரில் சொல்வார்கள். இப்போது அது உணவு விடுதி.

அந்த முதியவரிடம் இருந்தது பத்திரமும் பிடிவாதமும் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். எதிரில் இருந்த ஆட்சி அந்த ஊருக்குப் புதிது. உள்ளூர் மக்களை முறைத்துக்கொள்ள அது விரும்பவில்லை. பேரம் படிந்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்க வேண்டும். ருமேனியாவில் 1980-களில் சர்வாதிகாரி சௌசெஸ்கு தன் பெரும் மாளிகைக்காகப் புகாரெஸ்டின் ஒரு பழைய பகுதியையே துடைத்தெடுத்தபோது அந்த அளவு பேரம்கூட யாருக்கும் கிடைக்கவில்லை. பொறியாளர் எயூஜென் யோர்தாக்கெஸ்கு மட்டும் ஒரு வழி கண்டார்: தேவாலயங்களை இடிப்பதற்குப் பதில், அடியில் கான்கிரீட் தட்டு கட்டி, ஜாக்கி வைத்துத் தூக்கி, தண்டவாளத்தின் மேல் நகர்த்துவது. மிஹாய் வோடா தேவாலயம் 1985-இல் அப்படி 289 மீட்டர் நகர்ந்து, அடுக்குமாடிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பள்ளமாகிப் போன வீட்டை ஜாக்கி வைத்து நான்கடி உயர்த்துபவர்களை நம் பக்கத்திலும் பார்க்கலாம். அவர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

கேள்வி: பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அரசிதழில் அறிவித்த கட்டடத்தை எப்படி இடிக்க முடியும்? அங்கே சட்டம் இல்லையா?
— வழக்கறிஞர், தருமபுரி

சட்டம் இருக்கிறது. இருப்பதனால்தான் அங்கே இடிப்பு முதலில் தாளில் நடக்கிறது. பொக்லைன் பிறகு வருகிறது.

செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் நடுவே, பழைய யூகோஸ்லாவிய ராணுவத் தலைமையகம் நிற்கிறது. நிகோலா தோப்ரோவிச் வடிவமைத்து 1955-க்கும் 1965-க்கும் இடையே கட்டப்பட்டது. ஒரு சாலையின் இரு பக்கமும் படிப்படியாக ஏறும் இரண்டு கட்டடங்கள், நடுவில் சாலை பள்ளத்தாக்கைப் போல ஓடும். 1999-இல் நேட்டோ விமானங்கள் குண்டு போட்டன. வயிறு கிழிந்த நிலையிலேயே 2005-இல் அதற்குப் பண்பாட்டுச் சின்னம் என்ற பாதுகாப்பு கிடைத்தது. 2024-இல், டிரம்ப்பின் மருமகன் ஜாரெட் குஷ்னரின் நிறுவனத்தோடு அந்த இடத்தில் ஆடம்பர விடுதியும் குடியிருப்பும் கட்ட அரசு உடன்பாடு செய்தது. அதே ஆண்டு நவம்பரில் அரசே பாதுகாப்பை நீக்கியது. நீக்குவதற்கு நிபுணர் கருத்து வேண்டுமல்லவா? அந்தக் கருத்துத் தாள் பொய்யாகத் தயாரிக்கப்பட்டது என்று வழக்குத்தொடுப்புத் துறை குற்றம் சாட்டி, 2025 மே மாதம் பாரம்பரியப் பாதுகாப்பு நிறுவனத்தின் பொறுப்பு இயக்குநரைக் கைது செய்தது. வழக்கு நடக்கும்போதே நவம்பரில் நாடாளுமன்றம் இந்த ஒரு மனைக்கு மட்டும் தனிச்சட்டம் இயற்றியது. டிசம்பரில் பண்பாட்டு அமைச்சர் மீதும் குற்றப்பத்திரிகை வந்தபின் குஷ்னர் நிறுவனம் விலகிக்கொண்டது. வழக்கறிஞரான தாங்கள் கவனிக்க வேண்டியது, இதில் கட்டடக்கலை பற்றிய வாதம் எங்குமே வரவில்லை என்பதைத்தான். எல்லாச் சண்டையும் ஒரு தாளில் இருந்த கையெழுத்தைப் பற்றியது.

இந்தத் தனிச்சட்ட வழி பெல்கிரேடுக்குப் பழகியது. சாவா ஆற்றங்கரையில் ‘பெல்கிரேடு நீர்முகம்’ என்ற பெருந்திட்டத்துக்காக 2015 ஏப்ரலில் அபுதாபியின் ஈகிள் ஹில்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தமானபோதும் தனிச்சட்டம்தான். அதில் அந்த நிறுவனத்தின் பங்கு 68 சதவீதம், அரசின் பங்கு 32. அதற்கு மறு ஆண்டு, 2016 ஏப்ரல் 24 தேர்தல் நாள். அன்று இரவு முகமூடி அணிந்த முப்பது பேர் அளவில் இயந்திரங்களோடு அதே ஆற்றங்கரையில் உள்ள சாவமாலாப் பகுதிக்கு வந்து, காவலாளியைக் கட்டிப்போட்டு, அங்கிருந்த கட்டடங்களைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார்கள். அழைத்தவர்களிடம் காவல்துறை வர மறுத்தது என்று அந்நாட்டின் குறைதீர் அதிகாரியே அறிக்கை கொடுத்தார். அதன்பின் வாரக்கணக்கில் ஆயிரக்கணக்கானோர் ஒரு பெரிய மஞ்சள் வாத்துப் பொம்மையைத் தள்ளிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். இன்று அங்கே 168 மீட்டர் உயரக் கோபுரம் நிற்கிறது. 1884-இல் திறந்த முதன்மை ரயில் நிலையத்தில் 2018-க்குப் பின் ரயில் வருவதில்லை.

அல்பேனியத் தலைநகர் திரானாவில் 1939-இல் இத்தாலியர் கட்டிய தேசிய நாடகக் கொட்டகை இருந்தது. அதன் நிலத்தைத் தனியாருக்கு வழங்க 2018-இல் அங்கும் ஒரு தனிச்சட்டம். நடிகர்களும் மக்களும் இரண்டாண்டுக்கு மேல் கொட்டகையில் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். 2020 மே 17, கொரோனா ஊரடங்குக் காலம், விடியும் முன்பே போலீஸ் உள்ளே இருந்தவர்களை வெளியேற்ற, பின்னாலேயே இயந்திரம் வந்தது. அந்தச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2021-இல் சொன்னது. அப்போது அங்கே வெறும் மனைதான் இருந்தது.

நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 2010-இல் வந்த திருத்தமும், மையத் தொல்லியல் துறைப் பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடமே கூடாது, அதற்கு மேல் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்கின்றன. ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு அந்தக் கவசம் இருக்கிறது. ஆனால் 2024-இல் தொல்லியல் துறை 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்க முடிவு செய்தது. காரணம், அவை எங்கே இருக்கின்றன என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. பெல்கிரேடில் கட்டடம் இருக்கப் பட்டியலிலிருந்து போயிற்று. நம்மிடம் கட்டடம் போய்ப் பட்டியலில் மட்டும் இருந்தது. எது மோசம் என்பதைத் தாங்களே வாதாடிப் பாருங்கள்.

கேள்வி: பழையது, பழையது என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருந்தால் ஊர் எப்படி வளரும்? ஓசூர் வளராமல் இருந்திருந்தால் எனக்கு இங்கே வேலை கிடைத்திருக்காது.
— தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஓசூர்

நியாயம். வளர்ந்ததைக் காட்டியே பதில் சொல்கிறேன். பல்கேரியத் தலைநகர் சோபியாவில் மெட்ரோ தோண்டியபோது, ரோமானிய நகரமான செர்திகாவின் தெருக்களும் வீட்டுச் சுவர்களும் வெளிப்பட்டன. மெட்ரோ நிற்கவில்லை, இடிபாடும் புதைக்கப்படவில்லை. அலுவலகம் போகிறவர்கள் ரோமானியக் கல்தெருவை ஒட்டி நடந்துதான் ‘செர்திகா’ நிலையத்துக்கு இறங்குகிறார்கள். அதே திரானாவில், சர்வாதிகாரி என்வர் ஹோஜாவுக்கு அருங்காட்சியகமாக 1988-இல் கட்டிய கான்கிரீட் பிரமிடு, கேட்பாரற்றுச் சிறுவர்கள் சறுக்கி விளையாடும் சரிவாகக் கிடந்தது. இடிக்கவும் முடிவானது. பிறகு எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு, சரிவுகளில் படிக்கட்டு கட்டி, உள்ளே இளைஞர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சிக்கூடம் வைத்து 2023-இல் திறந்தார்கள். வெறுக்கப்பட்ட கட்டடத்தைக் கூட இப்படிப் பயன்படுத்தலாம் என்றால், நாடகக் கொட்டகையை ஏன் முடியவில்லை என்று அந்த ஊர்க்காரர்களே கேட்கிறார்கள். வளர்ச்சி வேண்டாம் என்று சொன்னவர்கள் அங்கே மிகவும் குறைவு. எங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றவர்கள்தான் அதிகம்.

கேள்வி: சரயேவோ நூலகம் எரிந்ததும் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததும் ஒன்றுதானா?
— நூலகர், கிருஷ்ணகிரி

மேலே சொன்ன வீம்பு வீட்டை இடம்பெயர்த்துக் கட்டிய நகர மண்டபம்தான் அது, 1896-இல் திறக்கப்பட்டது. 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பெர்டினாண்ட் அங்கிருந்து புறப்பட்டுச் சில நிமிடங்களில்தான் சுடப்பட்டார். பின்னாளில் தேசிய நூலகமாயிற்று. 1992 ஆகஸ்ட் 25 இரவு, முற்றுகையிட்டிருந்த செர்பியப் படை மலைமீதிருந்து எரிகுண்டு வீசியது. லட்சக்கணக்கான நூல்கள் எரிந்தன. யாழ்ப்பாணத்தில் 1981-இல் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும். ஏட்டையும் நூலையும் குறிவைத்த நோக்கத்தில் இரண்டும் ஒன்று. ஒரு வேறுபாடு சொல்ல வேண்டும்: யாழ்ப்பாணக் கட்டடம் திருத்தப்பட்டு 2003-இல் நூலகமாகவே திறந்தது. சரயேவோ மண்டபம் 2014 மே 9 அன்று ஓவியமும் வண்ணக் கண்ணாடியுமாகப் பழைய அழகோடு திறந்தது, ஆனால் நகர மண்டபமாக. கட்டடம் திரும்பி வந்தது; வாசகர்கள் வேறிடத்துக்குப் போய்விட்டார்கள்.

கேள்வி: எங்கள் நிலத்து ஓரத்தில் வில்லும் வாளும் வைத்த வீரன் கல் ஒன்று உண்டு, வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிறோம். பக்கத்தில் சாலை வருகிறது என்கிறார்கள். அந்த ஊர்களில் இப்படிக் கல் உண்டா? நாங்கள் என்ன செய்வது?
— விவசாயி, அரூர் அருகே

உண்டு. ‘ஸ்தெச்சாக்’ என்று பெயர். 12 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை நட்ட கல்லறைக் கற்கள்; வில் பிடித்த வேட்டைக்காரர், வாள், கேடயம், கைகோத்து ஆடுவோர் எல்லாம் செதுக்கியவை. சுமார் 70,000 கற்கள், பெரும்பாலும் போஸ்னியாவில். ஸ்தோலாட்ஸ் ஊர் அருகே ராதிம்லியா என்ற இடத்தில், பெரிய உள்ளங்கையை உயர்த்தி நிற்கும் ஒரு வீரன் இருக்கிறான். ஆஸ்திரிய–ஹங்கேரிய ஆட்சி போட்ட சாலை அந்தக் கற்களின் நடுவேதான் போயிற்று, சில கற்கள் அதில் அழிந்தன. போரில் ஒருவரையொருவர் கொன்ற போஸ்னியா, குரோவாத்தியா, செர்பியா ஆகியவற்றோடு மாண்டினீக்ரோவும் சேர்ந்து நான்கு நாடுகளாக ஒரே விண்ணப்பம் போட்டு, 2016-இல் 28 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றின.

தங்கள் கல் நடுகல். பெரும்பாலும் ஆநிரை மீட்கப் போரிட்டு இறந்தவனுக்கு ஊர் நடுவது. நம் இரண்டு மாவட்டங்களில் இப்படி எத்தனையோ. இவற்றில் பல, மஞ்சளும் எண்ணெயும் பூசி வேடியப்பனாகக் கும்பிடப்பட்டதால்தான் தப்பின. கும்பிட ஆள் இல்லாத கற்களை மதகுப் பலகையாகவும் துவைகல்லாகவும் நானே பார்த்திருக்கிறேன். ஒன்றைப் புரட்டிப் போட்டபோது, அடிப்பக்கத்தில் வீரனின் முழங்காலுக்கு மேல் மூன்று வரி வட்டெழுத்து, சோப்பு படியாமல் கூர்மையாக இருந்தது.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். கல் நிற்கும் இடம் பட்டாவா, புறம்போக்கா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு அ-பதிவேட்டைப் பாருங்கள். சாலை அளவையாளர் பார்ப்பது கல்லை அல்ல, அந்தப் பதிவேட்டைத்தான். காலை இளவெயில் பக்கவாட்டில் விழும்போது முன்னும் பின்னுமாகப் படம் எடுங்கள். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. அளவு, சர்வே எண், ஊர்ப்பெயர் எழுதி, மாநிலத் தொல்லியல் துறைக்கும் தருமபுரி அருங்காட்சியகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். சாலைக்கான பொது விசாரணை நடந்தால் அந்த அட்டையோடு போங்கள். இந்த ஆண்டுப் பொங்கலுக்குக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பதாக இருந்தால், எழுத்தைப் படி எடுக்க ஆள் வந்து போகும்வரை அதை மட்டும் தள்ளி வையுங்கள். மஞ்சள் பூசலாம்.